உழைச்செல்வான் மொழி

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து வள்ளுவனார் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றும் எவரும் எண்ணத்தக்கனவே. நான்காவதாக அவர் வைத்தது உழைச்செல்வானை. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே இருந்து மருந்தூட்டிப் பேணுவோன் என்பது பொருள். இந்நாளில் செவிலியர் எனப்படுவோர் தொழில் இதுவே.

பரிமேலழகர் இந்நான்கனுக்கும் தனித்தனி நந்நான்கு இயல்புகளை உரைக்கின்றனர். நோயாளியிடத்து அன்பு, உள்ளமும் சொல்லும் உடலும் தூயனவாதல், பணித்ததைப் பணித்தவாறே முடிக்கும் ஆற்றல், அறிவு என்பன உழைச்செல்வானுக்கு உரியன. நோயாளிக்கு உரியவற்றுள் ஒன்றோ, தன் நோயின் நிலையை எடுத்துரைக்கும் வன்மையாகும். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குங்கால் ஓர் ஐயம் எழுகின்றது. அச்சத்தாலோ நாணத்தாலோ நோயாளி வாய் திறவானாயின் என் செய்வது? அவனைப் பேசுவிக்கும் கடன் அருகிருப்பவனுடையதே என்பது என் துணிபு. மொழித்தூய்மையும் அறிவும் அவனுக்கு வேண்டுமென்றது பின் எதற்காக?

செவிலி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சங்கத்து அகப்பாட்டுக்களில் அவள் தலைவியை வளர்த்த தாய். தோழி அவள் மகள். தலைவி பசந்து மெலிகின்றாள், வளை கழல்கின்றது. செவிலி கலங்கிக் கட்டுவிச்சியை அழைத்து நெற்குறி பார்க்கின்றாள். வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கின்றாள். ஆட்டுக்குட்டி ஒன்று பலியாகின்றது. நோயுற்ற பெண்ணை மட்டும் ஒருவரும் வினவினாரில்லை! அவள் உள்ளத்தை அறிந்தவள் உடனிருந்த தோழியே. அவள் அறத்தொடு நின்று உண்மையை வெளியிடுகின்றாள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் செவிலிக்குத் தோழி கூறும் அத்தகைய கூற்றேயாம். மருத்துவமனைப் பணியினர்க்குச் செவிலியர் எனப் பெயரிட்டோர் நன்றே செய்தனர். ஆயினும் அப்பணியின் உயிரான பகுதி தோழியினுடையது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

மேனாட்டில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் வெளியிட்ட நர்சிங் குறிப்புக்கள் என்னும் நூலில், நோயாளிக்கு வெற்று நம்பிக்கையும் வெற்று அறிவுரையும் வழங்குவோரைக் கண்டிப்பதற்கென்றே ஓர் இயல் வகுத்திருக்கின்றார். நோயாளியின் அறைக்கு வெளியே நின்று அவனைப்பற்றித் தாழ்குரலில் பேசுதலைக் கொடுமை என்கின்றார். அவனோடு பேசுவோர் அவன் தலையைத் திருப்ப வேண்டாதபடி எதிரே அமர்ந்து பேசவேண்டும் என்பதும் அவர் கருத்து. யோபின் நண்பர் மூவரை நாம் அறிவோம். ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாது அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பராகவே இருந்தனர். வாய் திறந்த பின்னரே இடர் விளைந்தது. 1952-இல் அமெரிக்க நாட்டு ஹில்டகார்டு பெப்லோ அம்மையார், செவிலிக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே நர்சிங் தொழிலின் நடுநாயகம் என்று நூல் எழுதினார். அதன்பின் இஃது ஒரு தனிப்பாடமாயிற்று. ‘வலிக்கின்றதா’ என்ற வினாவிற்கு ஆம், இல்லை என்பதற்குமேல் விடையில்லை. ‘இரவு எப்படிக் கழிந்தது’ என்றால் நோயாளி தன் கதையைத் தொடங்க இடமுண்டு. அவன் சொல்லிய சொல்லையே மீட்டுச் சொல்லுதலும், அவன் பேசாதபோது தானும் பேசாது காத்திருத்தலும் அப்பாடத்துள் அடங்கும்.

நம் நாட்டார் துயரைத் துயர் என்று சொல்வது அரிது. நெஞ்சு படபடக்கின்றது என்பர். வயிற்றைப் பிசைகின்றது என்பர். மேலுக்கு முடியவில்லை என்பர். வயிற்றைப் பிசைகின்றது என்ற தாய்க்கு வயிற்றுக்கு ஒரு மாத்திரை கொடுத்தனுப்பினால், மகனிடமிருந்து கடிதம் வராத செய்தி வெளிவராமலே போய்விடும். காரைக்குடி சூழ்ந்த செட்டிநாட்டுப் பெருவீடுகளில் இது நினைக்கத்தக்கது. மக்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ, பத்துக் கட்டும் பட்டாலையுமாக விரிந்த வீட்டில் முதியோர் ஒருவர் இருவரே இருப்பது இங்குப் பலவிடத்தும் காண்பதாகும். அத்தகைய மூதாட்டியைக் கட்டில் எண்ணால் அழைப்பதற்கும் ‘ஆச்சி’ என்றழைப்பதற்கும் உள்ள வேற்றுமையை விளக்கவும் வேண்டுமோ?

தமிழ்நாட்டில் இவ்வகையில் வழிகாட்டியது வேலூர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் அங்குச் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946-இல் அது பட்டப்படிப்பளிக்கும் கல்லூரியாயிற்று. அம்மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய மனநல நிலையத்தில், நோயாளியுடன் உறவினரும் உடன் தங்கும் முறையை வைத்தனர். நோயாளியைப் பேணுமாறு எங்ஙனம் என்பதை உறவினரும் அங்கேயே பயில்கின்றனர். இதன் அருமையை அறிய நம் அண்டை மாவட்டத்தை நோக்கினால் போதும். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர்.

இப்பொருளில் யான் கருத்துச் செலுத்தியது நூலால் அன்று. சர்க்கரை நோயுடைய என் அப்பத்தாவுக்குக் காலில் புண் கண்டு அறுவை நிகழ்ந்தது. ஒரு காலையில் அறைக்கு வெளியே எவரோ ‘நாளை எடுத்துவிடலாம்’ என்றனர். வாயிலருகே நின்ற என் செவியிலும் அச்சொல் விழுந்தது. தையலைக் குறித்தது என்று தெரிந்தமையால் அதை நான் பொருட்படுத்தவில்லை. அன்று முழுதும் அப்பத்தா உணவைத் தொடவில்லை. ‘ஒன்றுமில்லை பாட்டி, பயப்படாதீர்கள்’ என்றார் பகற்செவிலி. யானும் அதையே மும்முறை சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரவுப் பணிக்கு வந்த செவிலி முக்காலியை இழுத்து அவர் முகத்தெதிரே அமர்ந்தார். சற்று நேரம் பேசவேயில்லை. பின்னர், ‘அப்பத்தா, சோறு வேண்டாம் என்கிறீர்களே, மனத்தில் என்ன ஓடுகிறது?’ என்றார்.

‘முழங்காலுக்கு மேலேயா, கீழேயா?’ என்று கேட்டார் அப்பத்தா.

அச்செவிலி நகைக்கவுமில்லை, மறுத்துரைக்க விரையவுமில்லை. என்ன கேட்டீர்கள், யார் சொல்லக் கேட்டீர்கள் என்று ஒவ்வொன்றாக வினவினார். பிறகு போர்வையை விலக்கி, கட்டின்மேல் விரல் வைத்து, தையல் ஓடும் இடத்தைக் காட்டி, மறுநாள் எடுக்கப்போவது அந்நூலை என்றார். அப்பத்தா தன் காலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் கஞ்சி இருக்கிறதா என்று கேட்டார். அது வருமளவும் அச்செவிலியின் ஊரையும் தாய் தந்தையரையும் விசாரித்துக்கொண்டிருந்தார்.