ஜெபர்சன் எழுதிய கடிதங்கள்

நாட்டுத் தலைவர் மேடையில் நின்று ஆற்றும் உரை உலகோர் அனைவருக்கும் உரியது. அவர் தம் மக்களுக்கும் நண்பர்க்கும் தனிமையில் எழுதும் கடிதமோ அவர்தம் உள்ளத்திற்கே உரியது. முன்னதில் அவருடைய புகழைக் காணலாம். பின்னதில் அவருடைய இயல்பைக் காணலாம்.

அமெரிக்க நாட்டின் விடுதலை அறிக்கையை வரைந்தவர் தாமஸ் ஜெபர்சன். 1743-இல் வர்ஜீனியாவில் பிறந்த அவர், 1801 முதல் 1809 வரை குடியரசுத் தலைவராக விளங்கினார். தம் வாழ்நாளில் ஏறத்தாழ 19,000 கடிதங்கள் எழுதினார். அவற்றுள் கல்வியைப் பற்றியனவும் குடும்பத்தைப் பற்றியனவும் பல.

1782-இல் அவர்தம் மனைவியார் மறைந்தார். தாயற்ற மக்களை வளர்க்கும் கடமை அவர்மேல் வந்தது. அடுத்த ஆண்டு, பேரவைப் பணியின் பொருட்டு அவர் அன்னபோலிஸ் நகரில் தங்கினார். மூத்த மகள் மார்த்தா பிலடெல்பியாவில் கல்வி பயின்றாள். அப்பொழுது அவளுக்கு வயது பதினொன்று. 1783 நவம்பரில் தந்தையார் அவளுக்கு ஒரு நாள்முறை வகுத்து எழுதினார். காலை எட்டு மணி முதல் பத்து வரை இசைப் பயிற்சி. பத்து முதல் ஒன்று வரை ஒரு நாள் நடனம், மறுநாள் ஓவியம். பிற்பகல் மூன்று முதல் நான்கு வரை பிரெஞ்சு மொழி. ஐந்து மணிக்குமேல் உறங்கும் வரை ஆங்கிலம் படித்தலும் எழுதுதலும். எந்தச் சொல்லையும் பிழைபட எழுதலாகாது. ஐயம் எழுந்தால் அகராதியைப் பார்த்தல் வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்.

பின்னர் அவர் பிரான்சில் தூதராய் இருந்தபோது, மார்த்தாவும் பாரிசில் பயின்றாள். ஆசிரியர் துணையின்றி லிவியின் வரலாற்று நூலைப் படிக்க இயலவில்லை என்று அவள் 1787-இல் எழுதினாள். பயணத்தில் இருந்த தந்தையார் அதற்கு இணங்கவில்லை. உறுதியுடன் தொடங்கும் செயலுக்கு நம் ஆற்றல் என்றும் போதும். பிறர் துணையையே நாடுவோர் தம் ஆற்றலை அறியார் என்பது அவர் விடையின் கருத்து. தந்தையை இழந்த தம் தங்கை மகன் பீட்டர் காருக்கும் 1785-இல் அவ்வாறே எழுதினார். உண்மை தவறாமை, வரலாற்றை மூலநூல்களிலேயே கற்றல், நாள்தோறும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி ஆகியவற்றை வலியுறுத்தினார்.

தம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கல்வி வேண்டும் என்று அவர் எண்ணினாரல்லர். 1779-இல் வர்ஜீனியாச் சட்டமன்றத்தின் முன் அவருடைய கல்வி மசோதா வைக்கப்பட்டது. அடிமையல்லாத சிறுவர் சிறுமியர் அனைவரும் மூன்றாண்டுகள் கட்டணமின்றிக் கற்கவும், ஏழைகளுள் சிறந்த மாணவர் அரசின் செலவிலே மேற்கல்வி பெறவும் அது வழி வகுத்தது. அது அன்று சட்டமாகவில்லை. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1786-இல் தம் ஆசிரியர் ஜார்ஜ் வித் என்பாருக்கு எழுதிய கடிதத்தில் அதனையே தலையாய மசோதா என்று குறித்தார். மக்களை அறியாமையில் விட்டுவிட்டால் மன்னரும் குருமாரும் பிரபுக்களும் அவர்மேல் எழுவர். அவர்களுக்குச் செலுத்த நேரும் பொருளில் ஆயிரத்தில் ஒரு பங்கே கல்விக்கான வரியாகும் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

பல்கலைக்கழகம் பற்றிய அவர் கருத்தும் கடிதத்திலேயே உருப்பெற்றது. ஒரே பெருங்கட்டடம் இரைச்சலுக்கும் அழுக்கிற்கும் உறைவிடமாகும். பேராசிரியர் ஒவ்வொருவர்க்கும் சிறு மனை, அதன்கீழ் வகுப்பறை, மனைகளை இணைக்கும் நடைக்கூடம், நடுவே புல்வெளியும் மரங்களும் வேண்டும் என்று 1810-இல் எழுதினார். அவ்வமைப்பிலேயே வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் 1819-இல் நிறுவப்பெற்று, 1825 மார்ச்சில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரிலேயே மாணவர் சிலர் இரவில் முகமூடி அணிந்து கலகம் விளைத்துப் பேராசிரியர்களைத் தாக்கினர். எண்பத்திரண்டு வயதான ஜெபர்சன் மாணவர் முன் எழுந்து நின்றார். துயரம் மேலிட்டதால் பேச நா எழவில்லை. விலக்கப்பட்ட மாணவருள் ஒருவன் அவர்தம் உறவினன். உறவு என்பதற்காக முறை தவறவில்லை.

எனினும், அவர் சொல்லுக்கும் வாழ்வுக்கும் இடையே ஒரு பெரும்பிளவு இருந்தது. பெண்கல்வியைத் தாம் முறையாக ஆராய்ந்ததில்லை என்றும், தம் மகளிர்க்கு வேண்டிய அளவே எண்ணியதாகவும் 1818-இல் அவரே எழுதினார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று அறிவித்த அவர், தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். கறுப்பின மக்கள் அனைவரும் விடுதலை பெறவேண்டும் என்று தன் உயிரெல்லாம் விரும்புவதாக 1787-இல் அவருக்கு எழுதியவள், பதினான்கு வயது நிரம்பிய மகள் மார்த்தாவே.

1825-இல் பேர்த்தி எல்லன் மணம் புரிந்து பாஸ்டன் சென்றபோது, அவளுடைய எழுதுமேசை கடலில் மூழ்கியது. அதனைச் செய்தவர் ஜான் ஹெம்மிங்ஸ் என்னும் தச்சர், அவரும் அடிமையே. வர்ஜிலின் காவியம் தீக்கிரையாகியிருந்தாலும் அப்புலவர் இவரினும் மிகுதியாக வருந்தியிரார் என்று ஜெபர்சன் எல்லனுக்கு எழுதினார். கைத்தொழில் வல்லவரைப் பெரும்புலவரோடு ஒப்பிட்ட அவரே, அவரை உடைமையாகவும் வைத்திருந்தார். ஹெம்மிங்ஸ் எழுதப் படிக்க அறிந்தவர். ஜெபர்சனுக்கு அவர் எழுதிய கடிதங்களும் உள்ளன. ஆயினும் அவர் போன்றோர் உழைப்பால் எழுந்த பல்கலைக்கழகம் அவர்களுக்குத் திறக்கவில்லை. கறுப்பின மாணவர் ஒருவர் அங்கு முதன்முதலாகச் சேர்ந்தது 1950-இல்தான்.

1826 சூலை 4-ஆம் நாள், விடுதலை அறிக்கையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, ஜெபர்சன் உயிர்நீத்தார். அவர் விரும்பியபடி, கல்லறையில் மூன்று செயல்களே பொறிக்கப்பட்டன: விடுதலை அறிக்கை, சமய உரிமைச் சட்டம், வர்ஜீனியாப் பல்கலைக்கழகம். குடியரசுத் தலைமை அதில் இடம்பெறவில்லை. ஹெம்மிங்ஸ் உள்ளிட்ட ஐவர்க்கே அவர்தம் இறுதி முறி விடுதலை அளித்தது. ஏனையோருள் பலர் 1827-இல் ஏலத்தில் விற்கப்பட்டனர்.

பெரியோர் கடிதங்களைக் கற்பார் அவர்தம் உயர்வையும் குறையையும் ஒருங்கே காண்டல் வேண்டும். கல்வி எல்லார்க்கும் உரியது என்னும் ஜெபர்சனின் கொள்கை நன்று. அவர் நிறுத்திய எல்லைக்கு அப்பாலும் அதனைக் கொண்டுசெல்வது பின்வந்தோர் கடமையாயிற்று.

பயிற்சி

1. ஜெபர்சன் தம் மகளுக்கு வகுத்த நாள்முறை யாது?
2. கல்விக்கு வரி செலுத்துவது ஊதியமே என்பதனை அவர் எவ்வாறு நிறுவினார்?
3. ஹெம்மிங்ஸ் பற்றிய கடிதம் ஜெபர்சனின் இயல்பை எவ்வாறு காட்டுகிறது?