வழித்துணை

வட அமெரிக்காவின் கீழைக் கரையை அடுத்து, தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி நீண்டு கிடப்பது அப்பலாச்சிய மலைத்தொடர் ஆகும். அதன் முகடுகளைத் தழுவியவாறு ஓர் ஒற்றையடிப் பாதை செல்கின்றது. தெற்கே ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் சிகரத்தில் அது முடிவுறும். நீளம் ஏறத்தாழ 2,190 மைல். முழுவதையும் ஒரே முறையில் நடக்க ஐந்து முதல் ஏழு திங்கள் வேண்டும். அவ்வாறு புறப்படுவோருள் நால்வரில் ஒருவரே முடிவைக் காண்கின்றனர்.

இவ்வழியை முதன்முதல் மனத்தில் வகுத்தவர் பென்டன் மக்காய் என்னும் காட்டியல் அறிஞர். 1921-ஆம் ஆண்டில் தம் மனைவியை இழந்து துயருற்றிருந்த அவர், அவ்வாண்டிலேயே தம் கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். நகரங்களில் உழன்று களைத்த மக்கள் மலைமீது வந்து இளைப்பாறுதல் வேண்டும். அங்கே கூடி உழைத்து வாழும் குடியிருப்புகள் அமைதல் வேண்டும். அவற்றைக் கோக்கும் நூலாகப் பாதை விளங்குதல் வேண்டும். இதுவே அவர் கனவு. 1937-ஆம் ஆண்டில் பாதை முற்றுப்பெற்றது. அவர் எண்ணிய குடியிருப்புகளோ எழவில்லை. மணிகள் இன்றி நூல் மட்டுமே எஞ்சியது. ஆயினும், அவர் எண்ணாத வேறொரு வகையில் அங்கே ஒரு சமுதாயம் உருவாயிற்று.

வழிநெடுக மரங்களிலும் பாறைகளிலும் இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் உள்ள வெண்ணிறப் பட்டைகள் தீட்டப்பட்டுள்ளன. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் காணப்படின், திருப்பம் வருகின்றது, விழிப்பாயிரு என்பது பொருள். இவற்றைத் தீட்டுவோரும், விழுந்த மரங்களை அறுத்து அகற்றுவோரும் பெரும்பாலும் கூலி பெறாத தொண்டர்களே. ஏறத்தாழ 30 கழகங்கள் பாதையைப் பகுதி பகுதியாகப் பேணி வருகின்றன. நடப்பவர் இத்தொண்டர்களைக் காண்பது அரிது. ஆயினும் அவர் அடிதோறும் நம்புவது அவர்கள் கைவேலையைத்தான்.

பாதையை ஒரே முறையில் முழுவதும் நடந்து முடித்ததாகப் பதிவு பெற்ற முதல்வர், பென்சில்வேனியா மாநிலத்தவரான ஏர்ல் ஷாஃபர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் பணியாற்றிய அவர், உடன் வளர்ந்த நண்பரை ஈவோ ஜீமாப் போரில் இழந்தார். போரின் சுமையை நடந்தே இறக்கிவிடக் கருதி, 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் புறப்பட்டு, ஆகஸ்டுத் திங்களில் கட்டாடினை அடைந்தார். பாதையின் பொறுப்பாளர்கள் முதலில் நம்பவில்லை. நாட்குறிப்பையும் நிழற்படங்களையும் கண்ட பின்னரே ஒப்புக்கொண்டனர்.

இன்று அவ்வழியில் நடப்போர் தம் ஊர்ப்பெயரைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். உடன் நடப்போர் விளையாட்டாகச் சூட்டும் வழிப்பெயரே அங்கே வழங்கும். மருத்துவரும் தச்சரும் அப்பெயரால் ஒரு நிலையினர் ஆகின்றனர். இரவு தங்குவதற்கு, மூன்று புறம் சுவரும் ஒரு புறம் திறப்பும் உடைய குடில்கள் உள. அவை பெரும்பாலானவற்றில் ஒரு குறிப்பேடு தொங்கும். நீர் எங்கே வற்றிற்று, கரடி எங்கே தென்பட்டது, யாருடைய முழங்கால் வீங்கியது என்பனவெல்லாம் அதில் எழுதப்பெறும். மூன்று நாள் முன்னே செல்பவரைப் பின்னே வருபவர் முகம் அறியார். அவர்தம் எழுத்தையும் நகைச்சுவையையும் நன்கு அறிவர். சாலை குறுக்கிடும் இடங்களில் பழமும் குடிநீரும் வைத்துப் பெயர் கூறாது செல்வாரும் உளர். தனியே புறப்பட்டவர்க்கு இத்தனை துணை!

1955-ஆம் ஆண்டு மே திங்களில், 67 அகவையுற்ற எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டியார் இப்பாதையில் அடியெடுத்து வைத்தார். ஒகையோ மாநிலத்தவர், 11 மக்களைப் பெற்றவர், கணவரின் கொடுமையைப் பல்லாண்டு தாங்கி, பின் மணவிலக்குப் பெற்றவர். மாத இதழ் ஒன்றில் இவ்வழியைப் பற்றிப் படித்து ஆவல் கொண்டார். 1954-ஆம் ஆண்டில் மெய்ன் காட்டில் வழி தவறி, மூக்குக் கண்ணாடி உடைந்து திரும்பியவர், மறு ஆண்டே தெற்கிலிருந்து தொடங்கினார். தாமே தைத்த துணிப்பை ஒன்றும், காலில் எளிய துணிக்காலணியும், மழைக்கு மறைப்பாக ஒரு குளியலறைத் திரையும் கொண்டு சென்றார், கூடாரமும் இல்லை. மக்களிடம் உலாவச் செல்வதாக மட்டும் கூறினாராம்!

இதழில் படித்த பாதையும் காலடியில் கிடந்த பாதையும் வேறாயிருந்தன. சில குடில்கள் இடிந்து கிடந்தன. சில வீட்டார் கதவடைத்தனர். பலர் சோறும் படுக்கையும் அளித்தனர். ஆகஸ்டுத் திங்களின் புயல்மழையில் வெர்மான்ட் மாநிலத்துக் காட்டாறு ஒன்று கரைபுரண்டது. கடற்படையில் பணியாற்றிய இளைஞர் இருவர், கயிற்றால் தம் இருவர்க்கும் நடுவே அம்மையாரைப் பிணைத்து அக்கரை சேர்த்தனர். செய்தித்தாள்கள் அவர் புகழைப் பரப்பின. பாதை சீர்கெட்டுக் கிடந்தது குறித்த அவர்தம் முறையீட்டையும் உடன் வெளியிட்டன. அது பலரைப் பாதையின்பால் திருப்பியது.

செப்டம்பர் 25-ஆம் நாள் அம்மையார் கட்டாடின் உச்சியை அடைந்தார். அப்போது உடன் ஒருவரும் இல்லை. குளிர்காற்றிடையே நின்று ஒரு நாட்டுப்பாடல் பாடினார். அங்கிருந்த பதிவேட்டில் தம் பெயரை எழுதினார். 1957-ஆம் ஆண்டில் மீண்டும் தெற்கிலிருந்து நடக்கத் தொடங்கினார்.