எப்சிபா என்னும் பெயர்

ஒடுகத்தூர் முதலாய ஜவ்வாது மலையடிவாரத்து ஊர்களில் கிறிஸ்தவப் பெற்றோர் தம் பெண்மக்களுக்கு எப்சிபா என்று பெயரிடுதல் உண்டு. "மனாசேயைப் பெற்றவளின் பெயரை மகளுக்கு இடலாமோ?" என்று ஐயுறுவாரும் உளர். மனாசே 12 வயதில் அரியணையேறி, 55 ஆண்டு எருசலேமில் அரசாண்டு, யூதாவின் அரசருள் மிகக் கொடியவனெனப் பெயர்பெற்றவன். அவன் தாய் எப்சிபாள் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 21-ஆம் அதிகாரம் கூறும். இவ்வையம் தக்கதோ என்பதைச் சொல்லின் பிறப்பைக்கொண்டே நோக்குவாம்.

எபிரெய மொழியில் இஃது ஒரு சொல்லன்று, ஒரு வாக்கியம். 'ஹெப்சி' என்பது 'என் பிரியம்'. 'பாஹ்' என்பது 'அவளிடத்தில்'. வினைச்சொல் இன்றியே வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலம் கற்றோர்க்கு இது குறைபோலத் தோன்றலாம். தமிழ் மாணவர்க்கு வியப்பில்லை. "என் விருப்பம் அவள்கண்" என்று நாமும் வினையின்றியே முடிப்போமன்றோ?

ஈற்றிலுள்ள ளகரம் சுவையானது. சாரா, லேயா, தெபொரா, அன்னா என ஆகார ஈற்றவாய பெண்பெயர்களை நம் மொழிபெயர்ப்பாளர் சாராள், லேயாள், தெபொராள், அன்னாள் எனப் பெண்பால் விகுதி சேர்த்தே எழுதினர். ராகேல், ரூத், எஸ்தர் என்பவற்றிற்கு அது வேண்டப்படவில்லை. அவ்வழக்கின்படியே எப்சிபாளும் ளகரம் பெற்றாள். ஆனால் சாரா முதலியவற்றின் இறுதி 'ஆ' வெறும் பெண்பால் ஈறே. எப்சிபாவில் அவ்வொலியே 'அவள்' என்னும் பிரதிப்பெயர். அதன் இறுதி ஹகரம் உள்ளே புள்ளியிட்டு, ஒலிக்க வேண்டுமென்று குறிக்கப்பட்டிருக்கிறது. 'அவள்' என்பதன் ளகரத்தை, எபிரெயத்தில் 'அவள்' நிற்கும் அதே இடத்தில் நம்மவர் வைத்துவிட்டனர்! பழக்கம்பற்றிச் செய்தது பொருளோடும் பொருந்திற்று.

இனி அரசியின் வரலாறு. எசேக்கியாவின் தாய் சகரியாவின் குமாரத்தி. ஆமோனின் தாய் யோத்பா ஊரானாகிய ஆரூத்சின் குமாரத்தி. எப்சிபாளுக்கோ தந்தை பெயருமில்லை, ஊருமில்லை. நாளாகமம் மனாசேயைப் பேசுமிடத்து அவள் பெயரையும் விட்டுவிட்டது. அவள் செய்த தீங்கென்று வேதம் ஒன்றும் சொல்லாதிருக்க, மகன் குற்றத்தைத் தாயின் பெயர்மேல் ஏற்றுதல் எங்ஙனம் நியாயமாகும்? நல்லரசனாகிய யோசபாத்தின் தாய்க்கு 'அசுபாள்', அதாவது 'கைவிடப்பட்டவள்', என்று பெயர். கைவிடப்பட்டவள் நன்மகனைப் பெற்றாள். பிரியமானவள் தீயவனைப் பெற்றாள். பெயர் கொண்டு பிள்ளையை அளப்பதெங்ஙனம்?

இவ்விரு பெயரும் ஏசாயாவின் 62-ஆம் அதிகாரத்தில் எதிரெதிராய் நிற்கின்றன. பாழான சீயோன் இனி 'அசுபா' எனப்படாமல் 'எப்சிபா' எனப்படுமாம். அதன் தேசம் 'பியூலா', மணவாழ்வு பெற்றது, எனப்படுமாம். பழைய கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகள் இவற்றை எல்லாம் பொருள்பெயர்த்தன. நம் பழைய தமிழ் வேதமோ, ஆங்கில வேதத்தைப்போல, இழிவான பெயர்களைப் பெயர்த்துவிட்டு, எப்சிபா, பியூலா இரண்டையும் அப்படியே வைத்தது. வைத்ததனாலேயே அவை நம் வீடுகளுக்குள் வந்தன. பியூலா என்னும் பெயர் வேதத்தில் வேறெங்கும் இல்லை. இரண்டும் சேர்ந்தே நம்மிடை வழங்குதலும், வீட்டுப்பெயரில் ளகரம் இல்லாமையும், மூலம் மனாசேயின் தாயன்று, ஏசாயாவே என்பதைக் காட்டும்.

பெண்மகவு பிறந்ததற்கு வருந்திப் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிட்ட வழக்கமும் இந்நாட்டிலேயே உளது. அச்சிறுமியர் தம் பெயரைப் பள்ளியில் நாடோறும் கேட்டு எழுந்து நிற்றல் வேண்டும். அப்பெயர்களின் பக்கத்தில் எப்சிபாவை வைத்துப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்: மகளைக் கண்டு மகிழ்ந்த ஒருவர் வாய்விட்டுச் சொன்ன வாக்கியம் அது.

வீட்டில் அதனைச் சுருக்கி 'எப்சி' என்றழைப்பர். அதுவும் எபிரெயத்தில் சிதைந்த சொல்லன்று. 'என் பிரியம்' என்னும் முழுச்சொல்லே.