பின் விளக்கு மங்குகிறது, கேபினட்டில் ஷாக் அடிக்கிறது

இந்த மாதம் கேபினட்டைப் பார்ப்பதற்கு முன் ஒரு பழைய பிக்கப் வண்டியின் பின் விளக்கைப் பார்த்துவிட்டு வருவோம். இது என்ன சம்பந்தமில்லாமல் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வண்டி பேட்டரி தருவது 12 வோல்ட். உங்கள் கேபினட்டுக்குள் மஞ்சள் ஒயரில் வருவதும் அதே 12 வோல்ட்தான். அதோடு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரே வீட்டில், வண்டியிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே ஜாதிக் கோளாறைப் பார்த்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

புளியந்தோப்பில் இருக்கும் என் பெரியப்பா மீன் வண்டி ஓட்டுகிறார். நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்த மீனை ஐஸோடு ஏற்றி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இறக்கிவிட்டு வருவார். எண்ணூர் விரைவுச் சாலையில் அந்த நேரத்தில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள்தான் துணை. முன்னால் ஒரு சின்ன வண்டி நிற்கிறது என்று லாரி டிரைவருக்குச் சொல்வது அதன் பின்னால் இருக்கும் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டுமே. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்கின்றன. பெரியப்பாவின் வண்டியில் இடது பக்க விளக்கு, பிரேக் பிடித்தால் பளிச்சென்று ஆவதற்குப் பதிலாக மங்கியது. ஒரு நாள் பின்னால் வந்த லாரி ஒரு சாண் இடைவெளியில் வந்து நின்றிருக்கிறது. அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் செய்தார்.

"பல்ப மூணு தபா மாத்தியாச்சுடா. ஒயரிங் மொத்தமா மாத்தணும்னு சொல்றாங்க. நீ இன்ஜினியரிங் படிச்சவன்தானே, வந்து பாரேன்."

நான் படித்தது சாஃப்ட்வேர், பெரியப்பா, என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

முதலில் நோட்டு, பிறகு ஸ்பேனர்

"விளக்கு சரியில்லை" என்பதும் "கம்ப்யூட்டர் வேலை செய்யலை" என்பதும் புகார்கள். அவற்றை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. பெரியப்பாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சுவிட்சாகப் போடச் சொன்னேன். நான் பார்த்ததை அப்படியே எழுதிக்கொண்டேன்.

பார்க்கிங் விளக்கு மட்டும் போட்டால் இடது பக்கமும் ஏறக்குறைய ஒழுங்காக எரிகிறது. பிரேக்கை மிதித்தால் இடது சிவப்பு விளக்கு மங்குகிறது. கூடவே இடது இண்டிகேட்டர் கண் சிமிட்டாமல் லேசாக எரிகிறது. முன்னால் போய்ப் பார்த்தால், முன்பக்க இடது இண்டிகேட்டரும் அதே போல மினுக்மினுக்கென்று! வலது பக்கம் எல்லாம் சரி.

இந்தக் கடைசி வரி முக்கியம். எது கெட்டிருக்கிறது என்று எழுதுகிறவர்கள் எது நன்றாக இருக்கிறது என்று எழுதுவதில்லை. வலது பிரேக் விளக்கு ஒழுங்காக எரிகிறது என்றால் பிரேக் சுவிட்ச் சரி, பிரேக்குக்கான பியூஸ் சரி, பேட்டரி சரி. ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல் மூன்று பொருள்கள் பட்டியலிலிருந்து போய்விட்டன. உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படித்தான். திரை கறுப்பாக இருக்கிறது, ஆனால் விண்டோஸ் தொடங்கும் ஓசை ஸ்பீக்கரில் கேட்கிறது என்றால் ஹார்ட் டிஸ்க், ரேம், மதர்போர்டு என்று யாரும் விலை சொல்லவிடாதீர்கள். முதலில் மானிட்டரையும் அதன் கேபிளையும் பாருங்கள்.

12 வோல்ட் காட்டும், ஆனால் எரியாது

கல்லூரி நாளில் ரிச்சி தெருவில் வாங்கிய டிஜிட்டல் மல்டிமீட்டர் என்னிடம் இருந்தது. பின் விளக்கில் உள்ள பல்பு இரட்டை இழை பல்பு. 5 வாட் இழை பார்க்கிங்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள் இருக்கும், இழைக்கு ஒன்று. பல்பின் பித்தளை உடம்புதான் இரண்டுக்கும் பொதுவான எர்த். இந்த வண்டியில் பக்கத்தில் இருந்த இண்டிகேட்டர் பல்புக்கும் அதே எர்த்தான்.

பல்பைக் கழற்றிவிட்டு, பெரியப்பாவைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, ஹோல்டரில் மீட்டரை வைத்தேன். 12.4 வோல்ட். "கரெண்ட் வருதே!" என்றார். இந்த இடத்தில்தான் முன்பு பார்த்தவர்களும் ஏமாந்திருக்க வேண்டும். வோல்ட் வருகிறது, விளக்கு மங்குகிறது, ஆகவே பல்புதான் போச்சு என்று முடிவு கட்டி மூன்று பல்பு மாற்றியாயிற்று.

டிஜிட்டல் மீட்டர் தன் வழியாக ஏறக்குறைய ஒன்றுமே ஓடவிடாது; ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். 21 வாட் இழைக்கு 1.75 ஆம்பியர் வேண்டும். துருப்பிடித்த இணைப்பு மீட்டருக்குப் போதுமான வழியை விடும், பல்புக்கு விடாது. அடைத்துக்கொண்ட குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவதைப் பார்த்து, குடம் நிறையும் என்று நம்புவது போலத்தான். ஆகவே அளப்பது என்றால் வேலை செய்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும்.

பல்பைத் திரும்பப் போட்டேன். பார்க்கிங் விளக்கு போட்டு, பிரேக்கையும் மிதிக்கச் சொல்லிவிட்டு, மீட்டரின் சிவப்பு முனையை ஹோல்டரின் பித்தளை உடம்பிலும், கறுப்பு முனையைப் பெயிண்ட் சுரண்டிய சேஸிஸிலும் வைத்தேன். இரண்டும் எர்த். நியாயமாக 0 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 7 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

பல்புக்குக் கரெண்ட் வருகிறது, திரும்பிப் போக வழி இல்லை. எனவே அது வேறு வழி தேடுகிறது. பக்கத்து இண்டிகேட்டர் பல்பின் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, இண்டிகேட்டர் ஒயர் வழியே முன்பக்கம் ஓடி, முன் இண்டிகேட்டர் பல்பைக் கடந்து அங்கே உள்ள எர்த்தில் இறங்குகிறது. 12 வோல்ட்டை மூன்று பல்புகள் பங்கு போட்டுக்கொண்டதால் எல்லாமே மங்கல். கோளாறு ஓரிடம், அது தெரிவது நான்கு இடம். முன் இண்டிகேட்டர் ஏன் எரிகிறது என்பதற்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது.

சோதித்துப் பார்க்க, ஒரு தனி ஒயரின் ஒரு முனையை ஹோல்டர் உடம்பிலும் மறுமுனையைச் சேஸிஸிலும் அழுத்திப் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே சிவப்பு. பெரியப்பா சீட்டிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஏறிப் பிரேக்கை மிதித்தார்.

மீதி வேலை கைவேலைதான். எர்த் ஒயர் பின் தட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. ஐஸும் மீன் தண்ணீரும் வருஷக் கணக்கில் சொட்டிய இடம் அது. போல்ட்டைக் கழற்றியதும் ஒயரின் நுனி பொடியாக உதிர்ந்தது. ஒயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது லக் போட்டு, சேஸிஸை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். உப்பு கெடுத்ததை உப்புத்தாள் சரிசெய்தது என்று பெரியம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

(கம்ப்யூட்டர் தானாக அணைந்து மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது என்று சொல்பவர்களுக்கும் இந்த 12 வோல்ட் கதை பொருந்தும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக வெளியே எடுத்து அளந்தால் சரியாகத்தான் காட்டும். கம்ப்யூட்டர் ஓடும்போது மஞ்சள் ஒயரில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே, சிவப்பு ஒயரில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே நிற்கிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் சர்வீஸ்காரரை அப்படி அளக்கச் சொல்லுங்கள்.)

செருப்புப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர்

கை கழுவிவிட்டு உள்ளே போனால், பெரியப்பா மகள் கம்ப்யூட்டர் முன்னால் செருப்போடு உட்கார்ந்திருக்கிறாள். பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக்குள் ஏன் செருப்பு என்றேன்.

"கேபினட்ட தொட்டா சுர்ருங்குதுண்ணா. செருப்புப் போட்டா ஒண்ணும் பண்ணாது."

எஸ்.எம்.பி.எஸ். மாற்றியாயிற்றாம். மாற்றியும் அதே சுர்ர்தான். மூன்று பல்பு ஞாபகம் வந்தது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மெயின் கரெண்ட் நுழையும் இடத்தில், மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். ஒன்று பேஸிலிருந்து கேபினட்டின் உலோகத்துக்கு. மற்றொன்று நியூட்ரலிலிருந்து அதே உலோகத்துக்கு. கேபினட் எர்த்தோடு சேர்ந்திருந்தால், கசிகிற கொஞ்சம் கரெண்ட் சத்தமில்லாமல் எர்த்தில் இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டை இரண்டும் பாதியாகப் பிரித்து, கேபினட்டை 115 வோல்ட் அளவில் நிறுத்திவைக்கும். நீங்கள் தொட்டால், எர்த்துக்கு வழி நீங்கள்தான்! இதில் எஸ்.எம்.பி.எஸ். மேல் குற்றமே இல்லை. எத்தனை மாற்றினாலும் இப்படித்தான் இருக்கும்.

இந்தக் கசிவு பொதுவாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. சுர்ரென்று அடிப்பதோடு சரி. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. என்றைக்காவது உள்ளே ஒரு பேஸ் ஒயர் உரிந்து உலோகத்தில் பட்டால், எர்த் இருக்கும் வீட்டில் பியூஸ் போகும் அல்லது டிரிப்பர் விழும். எர்த் இல்லாத வீட்டில் எதுவும் போகாது. கேபினட் முழு 230 வோல்ட்டோடு காத்திருக்கும். செருப்பை நம்பி அதை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வண்டியில் எர்த் என்பது கரெண்ட் தினமும் திரும்பி வரும் பாதை. வீட்டில் அந்த வேலையைச் செய்வது நியூட்ரல். வீட்டு எர்த், பிளக்கில் இருக்கும் அந்தப் பெரிய மூன்றாவது கால், ஆபத்துக்காகக் காத்திருக்கும் காவலாளி. பெயர் ஒன்று, உத்தியோகம் வேறு.

இனி நான் செய்த சோதனை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகு செய்வதால் நீங்களும் தாராளமாகச் செய்யலாம். மல்டிமீட்டரைப் 'பீப்' அடிக்கும் நிலையில் வையுங்கள். ஒரு முனையைக் கம்ப்யூட்டர் பவர் கார்டு பிளக்கின் பெரிய காலிலும், மற்றதைக் கேபினட் பின்பக்கத்தில் பெயிண்ட் இல்லாத ஸ்குரூவிலும் வைத்தால் பீப் கேட்க வேண்டும். கேட்டது. அடுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் பிளக்கின் பெரிய காலிலிருந்து பாக்ஸின் பெரிய ஓட்டைக்கு வைத்தேன். சத்தமே இல்லை. பாக்ஸைத் திறந்தால், மூன்று ஓட்டை பாக்ஸுக்குள் வந்திருந்தது இரண்டே ஒயர். பச்சை ஒயருக்கான ஸ்குரூ புதுக் கருக்கு மாறாமல் இருந்தது. மூன்று ஒயர் கேபிள் வாங்கி மாற்றினோம். பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் வந்து சுவர் பிளக்கில் எர்த் நன்றாக இருப்பதை உறுதி செய்தார். சுர்ர் நின்றது.

சில பழைய வீடுகளில் சுவர் பிளக்கிலேயே எர்த் இருக்காது. அது எலக்ட்ரீஷியன் வேலை. ஓடுகிற மெயின் கரெண்டில் நீங்கள் மீட்டர் வைக்க வேண்டாம். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பிளக்குக்குள் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் காலுக்கு இழுத்துவிட்டு "எர்த் கொடுத்தாச்சு" என்பவர்கள் உண்டு. என்றைக்காவது நியூட்ரல் விட்டுப்போனால் கேபினட்டுக்கு நேராகப் பேஸ் வந்துவிடும். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் வேண்டாம். இன்றைய குழாய் பாதி பிளாஸ்டிக். முறையான எர்த் என்றால் தரையில் குழி வெட்டி, இரண்டரை மீட்டர் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் நிரப்புவார்கள். கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். வண்டியில் எர்த்தைத் தின்ற அதே உப்பு, இங்கே மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைத்து எர்த்தைக் காப்பாற்றுகிறது.

பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு வேலை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மாதம் ஒரு தரம், இருட்டியதும், வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்த்து நிற்கும்படி நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு கண்ணாடியில் பார்க்க வேண்டும். சுவரில் விழும் சிவப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் கிளம்பலாம். இடது பக்கம் கொஞ்சம் வெளுத்தாலும், பல்புக் கடைக்குப் போகாமல் அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.