"நெட் இல்லம்மா" என்றால் பணம் போயிடுச்சா?



பணம் எடுக்கப் போகிறோம். "நெட் இல்லம்மா, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். நம்ம பணம் என்ன ஆச்சோ என்று மனசு பதறுகிறது. அதைத்தான் இந்த மாதப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

வலைப்பின்னல் என்றால் என்ன?

பல கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்ள இணைந்திருப்பதே வலைப்பின்னல் (நெட்வொர்க்). குழுவின் தீர்மானம் பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக்குப் போய், பதில் அதே வழியில் திரும்புகிறது அல்லவா? அதுபோலத்தான்.

தகவல் மொத்தமாகப் போகாது. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகும். ஒவ்வொன்றிலும் அனுப்புபவர், பெறுபவர் முகவரி இருக்கும். 'ரூட்டர்' என்ற கருவி முகவரி பார்த்து வழி அனுப்பும். போய்ச் சேர்ந்ததும் வரிசைப்படி ஒன்று சேரும்.

பக்கத்து ஊர் உதாரணம்

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடு மையம். அங்கிருந்து வயர்லெஸ் மூலம் கிராமங்களுக்குத் தகவல் போனது. எம்பலத்தில் கோயிலில் இருந்த மையத்தைப் பெண்களே நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

2004 டிசம்பர் 26, சுனாமி நாள். சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்க, மக்கள் ஓடித் தப்பினர். இணைப்பு அறுபடாமல் கடைசி வீடு வரை போனதால்தான் அது உயிர் காத்தது.

நம்ம பணம் எங்கே?

நம் கணக்கு ஊரிலுள்ள கைரேகை மிஷினில் இல்லை. வங்கியின் மையக் கணினியில் (சர்வர்) இருக்கிறது. 'நெட் இல்லை' என்றால் நடுவில் வழி அறுந்திருக்கிறது. பணம் பத்திரமாகவே இருக்கிறது.

சில நேரம் கணக்கில் கழிந்துவிடும், ஆனால் பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்து, பணம் கைக்கு வராது. அப்போது:

* உடனே மறுபடி விரல் வைக்காதீர்கள். முதலில் இருப்பைப் பாருங்கள்.
* ரசீது கேட்டு வாங்குங்கள். நாள், நேரம் குறித்து வையுங்கள்.
* வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, ஏ.டி.எம். பணம் வராமல் கழிந்தால் 5 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு. கேட்பது நம் உரிமை.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் யாருக்காவது பணம் கழிந்து கைக்கு வராமல் இருக்கிறதா? புகார் எழுத யார் உதவுவது?
2. அவசரத் தகவல் வந்தால், போன் இல்லாத வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது?