சைலன்சர் மாற்றிய பிறகு வண்டி வெடிக்கிறதா?

கார்புரேட்டர் வண்டியில் காற்றோட்டம் அதிகமுள்ள வெளிச்சந்தை சைலன்சரைப் பொருத்தினால், பெட்ரோல் கலவை மெலிந்துவிடலாம். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 'பட் பட்' வெடிப்பு, இழுவையில் தயக்கம், இன்ஜின் சூடு ஆகியவை இதன் அடையாளங்கள். முதலில் சைலன்சர் பெண்ட் இன்ஜினோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே பேக்கிங் கசிந்தாலும் இதே சத்தம்தான் வரும். புது பேக்கிங் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கசிவு இல்லையென்றால் கார்புரேட்டரில் உள்ள கலவை ஸ்க்ரூவுக்கு வாருங்கள். முதலில் அதை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டு, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். இறுக்கினால் ஊசிமுனை கெட்டுவிடும். பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, கால் சுற்றாக மாற்றிப் பாருங்கள். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருகத் திருகப் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருகினால் கூடும். ஐடிலிங் சீராக, வேகமாக ஓடும் இடமே சரியான இடம்.

இந்த ஸ்க்ரூ ஐடிலிங்குக்கும் கால்வாசி ஆக்ஸிலரேட்டருக்கும் மட்டும்தான். நடுவேகத்துக்கு நீடில், முழு வேகத்துக்கு மெயின் ஜெட். ஸ்பார்க் பிளக் முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்தால் அதிகம். இளம் பழுப்பே நல்லது.

எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் ஸ்க்ரூவைத் தேட வேண்டாம், கலவையை இசியூ என்ற இன்ஜின் கணினி பார்த்துக்கொள்ளும். அளவுக்கு மீறிச் சத்தம் போடும் சைலன்சருக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி ரூ.10,000 வரை அபராதம் உண்டு.