இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீபா: குரல்வழி வளர்ந்த தமிழ்

உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களால் ஆன பெருங்காப்பியம். அதனை முற்றக் கற்றோர் தமிழ்த்துறையினருள்ளும் மிகச் சிலரே. ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழ்ப்பாட்டாக ஒருமுறையேனும் கேளாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் அரிது. காப்பியத்திற்கும் இல்லத்திற்கும் இடைப்பட்ட இத்தொலைவைக் குறைத்தவருள் தலையாயவர் இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீபா.

1925 டிசம்பர் 25 அன்று இராமநாதபுரத்தில் பிறந்த அவர், நாகூரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். திராவிட இயக்க மேடைகளில் தலைவர்கள் பேசுமுன் அவர் பாடுவது வழக்கமாயிற்று, கலைஞர் மு. கருணாநிதியுடனான நட்பு வாழ்நாள் நட்பு. 1961இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில் டி. எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடினார். 1992இல் ‘செம்பருத்தி’க்காக இளையராஜா இசையிலும் பாடினார். எனினும் திரைப்பாடல்கள் சிலவே. 2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் மறையும்வரை மேடையே அவருடைய களம்.

அக்குரலின் தனித்தன்மை யாது? உச்சத்திலும் சொல் சிதையாமை என்போம். இசை மேலோங்கும்போது சொல் மங்குவது பாடகர் பலரிடம் காணப்படுவதே. ஹனீபாவிடமோ ழகரமும் றகரமும் மேல்நிலையிலும் தெளிவாய் ஒலிக்கும். சொற்களைப் பிரித்து நிறுத்தும் இடத்தில் பொருள் விளங்கும். அரபுச் சொற்களும் அவர் நாவில் தமிழ்ச் சந்தத்திற்கு இசைந்து வரும். (இசை பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, நாம் இங்கு நோக்குவது மொழியை மட்டுமே.)

நம் தோல் தொழிற்பகுதிக்கு இது தனிப்பொருள் உடையது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருதுவை வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் மிகுதி. இங்குத் தமிழ், கடைத்தெருவிலும் தொழிற்கூடத்திலும் பழகும் மொழியாகவே பலருக்கு அறிமுகமாகிறது. நம் இளமையில் நிக்காஹ் வீடுகளின் ஒலிபெருக்கிகளில் ஹனீபாவின் ஒலிநாடாக்கள் முழங்கும். உருது பேசும் நண்பர் ஒருவர் எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கத் தடுமாறியவர். அப்பாடல்களையோ ஒரு சொல்லும் பிறழாமல் பாடுவார். துஆவையும் ஈமானையும் தமிழிலும் உணரலாம் என்பதை அவருக்குப் பள்ளிப் பாடநூல் கற்பிக்கவில்லை.

2002இல் வாணியம்பாடிச் சட்டமன்ற இடைத்தேர்தலில் தி.மு.க. வேட்பாளராக நின்ற ஹனீபா, வெற்றி பெறவில்லை. பாட்டுக்குக் கூடும் கூட்டம் வேறு, வாக்குக்குக் கூடும் கூட்டம் வேறு போலும்!

ஈண்டு ஒரு குறையையும் கூறவேண்டும். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் பாடலைச் சமய வேறுபாடின்றிப் பலரும் அறிவர். அதனை இயற்றியவர் யார் என வகுப்பில் வினவினோம், ஒருவரும் கூறவில்லை. அவர் கிளியனூர் அப்துல் சலாம். நாகூர்ப் புலவர் ஆபிதீன் முதலானோர்க்கும் இந்நிலையே. பாடியவர் புகழில் எழுதியவர் மறைந்தனர். குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களைப் பாடமாக வைக்கும் நாம், இவர்தம் பாடல்களை முறையாகத் தொகுத்துக் கற்பிக்கத் தவறினோம். இதில் ஆசிரியராகிய எமக்கும் பங்குண்டு.

பாடலாசிரியர் பெயர்கள் பழைய இசைத்தட்டு, ஒலிநாடா உறைகளில் சிறிய எழுத்தில் கிடைக்கக்கூடும். பரணில் அத்தகைய உறைகள் வைத்திருக்கும் பெரியோர் அவற்றை எறிந்துவிடாமல் துறைக்குத் தந்துதவ வேண்டுகிறோம். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம்.